உது தேடிப் போன வீடுகள்

அம்மம்மா முற்றத்துக் கதிரையில் இருந்து ரொறன்ரோவில் இருக்கிற மாமாவுடன் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். பின்னேரம் ஆறரை மணி இருக்கும். நான் பக்கத்தில் இருந்து சுளகில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தேன். "உங்கை இப்ப விடிஞ்சிட்டுதோ? உங்கை குளிர் எப்பிடி? உங்கை எல்லாரும் சுகமோ?" என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் கதை முடிந்தது. போனை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அங்கை சரியான குளிராம் பிள்ளை" என்றார்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு நிமிடத்துக்கு முன்னர் ரொறன்ரோ "உங்கை". இப்போது அதே ரொறன்ரோ "அங்கை". ஊர் அசையவில்லை, அம்மம்மாவும் கதிரையை விட்டு அசையவில்லை. கேட்கிற ஆள் மட்டும் மாறியிருந்தார்.

"அ இ உ அம்மூன்றும் சுட்டு" என்கிறது தொல்காப்பியம். இ அண்மைச் சுட்டு, அ சேய்மைச் சுட்டு, உ இடைமைச் சுட்டு என்று பள்ளிக்கூடத்தில் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினோம். இடைமை என்றால் கிட்டவும் இல்லாமல் தூரவும் இல்லாமல் நடுவில் இருப்பது. பரீட்சைக்கு அது போதும். ஆனால் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து பத்தாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் கிடக்கிற ஒரு நகரம் எப்படி நடுவில் இருக்க முடியும்? எங்கள் பேச்சில் "உது" என்றால் பெரும்பாலும் கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது, அவர் கையில் இருப்பது, அவர் இப்போதுதான் சொன்னது. "உதென்ன கதை?" என்று கோபித்துக் கேட்கும்போதுகூட, அந்தக் கதை எதிரில் நிற்பவர் வாயில் இருந்து வந்ததாகத்தான் இருக்கும். உங்கை, உந்த, உவர், உப்பிடி, உவ்வளவு என்று ஒரு முழுக் குடும்பமே இருக்கிறது. ("உவன்" என்ற சொல்லில் வேறு நெளிவுசுளிவுகளும் உண்டு. அதை எடுத்தால் இந்தக் கட்டுரை முடியாது.) தமிழ்நாட்டுப் பேச்சில் இந்தக் குடும்பம் வழக்கொழிந்து போய்விட்டது. எங்கள் முற்றத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பெரியவர்களுக்கு இது மூச்சு விடுவது போல. யோசிக்க வேண்டியதில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு? "மாடு" என்ற சொல்லைப் பழக்குவதென்றால் மாட்டைக் காட்டலாம். "உது" என்ற சொல்லுக்கு எதைக் காட்டுவது? தாயின் கையில் இருக்கும் கரண்டி பிள்ளைக்கு உது. பிள்ளை அதை வாங்கிவிட்டால் பிள்ளைக்கு இது, தாய்க்கு உது. கரண்டி அதே கரண்டி. யாரும் இதை உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. நானே முப்பத்தாறு வயதில்தான் கவனித்தேன். அப்படியிருக்க, எங்கள் பிள்ளைகள் எல்லாம் எப்படியோ பழகிக்கொண்டு விடுகிறார்கள்.

முதுகலைமாணி முடித்து எட்டு மாதமாக, கலாநிதிப் பட்டத்துக்கு எதை ஆராய்வது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்த எனக்கு அந்தப் பின்னேரம் கேள்வி கிடைத்துவிட்டது.

குழந்தை மொழி மேல் ஆசை அதற்கு முன்பே வந்திருந்தது. தம்பியின் மகளுக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய நாள் அது. வெள்ளைச் சீலை விரித்து, பிள்ளையை நடுவில் இருத்தி, தலைக்கு மேலே கொழுக்கட்டையைக் கொட்டி, கொப்பி, பேனை, காப்பு, கத்தரிக்கோல் எல்லாம் முன்னால் பரப்பி வைத்து, எதை எடுக்கிறாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு ஏழு மாதம். அந்தக் கிழமைதான் நான் ஜேனட் வேர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் 1984இல் எழுதிய ஆய்வை வாசித்திருந்தேன். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதம் வரை, ஹிந்தியில் உள்ள பல் ஒலி "த"வையும் நாமடி ஒலி "ட"வையும் வேறுபடுத்திக் கேட்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு மாதம் ஆகும்போது அந்த வேறுபாடு அவர்கள் காதை விட்டுப் போய்விடுகிறது, வீட்டில் அதைக் கேட்காதபடியால். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இரண்டு இல்லை, மூன்று: பத்து, பட்டு, பற்று. மூன்றாவதை நாங்கள் இன்னமும் நுனி அண்ணத்தில் நாக்கை வைத்துத்தான் சொல்கிறோம். கொழுக்கட்டை மாவு தலைமுடியில் ஒட்டியபடி இருந்த அந்தப் பிள்ளை, சுற்றி நின்று ஒரே நேரத்தில் கதைத்த பதினைந்து பேரின் வாயில் இருந்து இந்த மூன்றையும் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் எடுத்தது பேனை. எல்லோரும் கை தட்டினார்கள். நான் அவள் காதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேள்வி கிடைப்பது ஒன்று, அதைப் பதிவு செய்ய இடம் கிடைப்பது வேறு. முன்மொழிவை எழுதிக் கொண்டுபோன முதல் இடத்தில், இது தமிழா, மொழியியலா, உளவியலா, கல்வியியலா என்று கேட்டார்கள். நான்குக்கும் உரியது என்றேன். நான்கு இடத்துக்கும் உரியது ஓர் இடத்துக்கும் உரியதல்ல என்பது போல முன்மொழிவு ஐந்து மாதம் மேசை மேசையாகக் கிடந்தது. பிறகு ஒருவர், "பிள்ளைகள் தாங்களாகக் கதைக்கப் பழகுகினம், இதில ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கு?" என்றார். அன்று எனக்குப் பதில் வரவில்லை, வீட்டுக்கு வந்து அழுதேன். இன்று கேட்டால் சொல்வேன்: தாங்களாகப் பழகுகிறார்கள் என்பதுதான் விளங்காத விஷயம், அதைத்தான் ஆராய்கிறேன். கடைசியில் முன்மொழிவை முழுவதும் வாசித்துவிட்டு, பக்க ஓரத்தில் பென்சிலால் இருபத்தேழு கேள்வி எழுதித் திருப்பித் தந்த ஒரு பேராசிரியர் என் மேற்பார்வையாளர் ஆனார். அந்த இருபத்தேழில் ஒன்பதுக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

வாசிக்கத் தொடங்கியபோதுதான் களம் எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று தெரிந்தது. எவன் கிட், ரொவேனா கார்சியா என்ற இருவர் இந்தத் துறையின் முக்கிய ஆய்விதழ்களை எல்லாம் புரட்டி 2022இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். இதுவரை ஆராயப்பட்ட மொழிகள் கிட்டத்தட்ட 103. உலக மொழிகளில் அது ஒன்றரை வீதம். அதிலும் பெரும்பங்கு ஆங்கிலம். தமிழுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால், கொஞ்சம் இருக்கிறது, அந்தக் கொஞ்சம் மிக நல்லது. 1984இல் பிரையன் மக்வின்னியும் கதரின் ஸ்னோவும் தொடங்கிய சைல்டெஸ் என்ற குழந்தை மொழித் தரவு வங்கியில் ஒரு தமிழ்ப் பதிவு உண்டு. ஒரே ஒரு சிறுமி, ஒன்பது மாதத்தில் இருந்து முப்பத்து மூன்று மாதம் வரை. அதைச் சேர்த்தவர்களில் ஒருவர் ஆர். நரசிம்மன், இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதற் கணினிகளில் ஒன்றான டிஃப்ராக்கை உருவாக்கியவர். கணினிக்கு மொழியைப் பழக்குவது பற்றி யோசித்த மனிதர், ஒரு பிள்ளை எப்படிப் பழகுகிறது என்று கேட்க வந்திருக்கிறார். அவருடன் சேர்ந்து வேலை செய்த ஆர். வைத்தியநாதன் தமிழ்ப் பிள்ளைகளின் கேள்விகளையும் மறுப்புகளையும் பற்றி எழுதியிருக்கிறார். 1989இல் பரிமளா ராகவேந்திராவும் லோரன்ஸ் லெனர்டும் எழுதிய கட்டுரை, தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு வயதை ஒட்டியே வினை விகுதிகளை நன்றாகக் கையாள்வதைக் காட்டியது. ஆங்கிலப் பிள்ளைகள் அந்த வயதில் விகுதிகளை விட்டுவிட்டுப் பேசுவார்கள்.

ஆனால் இவை எல்லாம் இந்தியத் தமிழ். அங்கே உது இல்லை, ஆகவே அங்கே தேடிப் பயனில்லை. எனக்கு வழிகாட்டியது துருக்கி மொழி. அதிலும் மூன்று சுட்டு: பு, ஷு, ஒ. நடுவில் உள்ள "ஷு"வை, கேட்பவர் இன்னும் கவனிக்காத பொருளின் மேல் அவர் கண்ணைத் திருப்புவதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஐலின் குன்தாய், அஸ்லி ஒஸ்யுரெக் இருவரும் 2006இல் காட்டினார்கள்: ஆறு வயதுப் பிள்ளைகள்கூட "ஷு"வைப் பெரியவர்கள் போலப் பாவிப்பதில்லை. மற்றவருடைய மனம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் அந்தச் சொல் சரியாக விழும், அதற்கு நாள் எடுக்கும். அதை வாசித்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. எங்கள் உதுவும் எதிரில் இருப்பவரைப் பார்க்கிற சொல்தானே.

அப்புறம் வீடுகள். ஆறு வீடு எடுத்தேன்: கோண்டாவிலில் இரண்டு, இணுவில், கொக்குவில், நல்லூர், குருநகரில் ஒவ்வொன்று. இரண்டு வயதுக்கும் இரண்டரைக்கும் இடைப்பட்ட பிள்ளைகள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய் ஒரு மணித்தியாலம் ஒலிப்பதிவு செய்வது என்று திட்டம்.

நெறிமுறைக் குழுவுக்கு எட்டுப் பக்கச் சம்மதப் படிவம் கொடுத்திருந்தேன். படிவம் சரியாகத்தான் இருந்தது. முதல் வீட்டிலேயே தாத்தா அதைக் கையில் வாங்காமல் கேட்டார்: "உந்த மெசினில பதியிறது எங்கை போகும் பிள்ளை?" இங்கே வந்து பெயர் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர், போன பெயர்களுக்கு என்ன நடந்தது என்பதை அந்த வயதுள்ள ஒருவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் ஒலிப்பதிவுக் கருவி வருவது அவருக்குச் சாதாரண விஷயம் அல்ல. படிவத்தைப் பையில் வைத்துவிட்டு, மூன்று முறை வெறுங்கையோடு போனேன். தேத்தண்ணி குடித்தேன், பிள்ளையோடு விளையாடினேன், வந்தேன். நான்காவது முறை கருவியை அவர் கையிலேயே கொடுத்து, எதை அமத்தினால் பதியும், எதை அமத்தினால் அழியும் என்று காட்டினேன். அழிக்கிற பொத்தானை அவர் மூன்று நான்கு தரம் அமத்திப் பார்த்தார். "அப்ப சரி" என்றார். பெயருக்குப் பதிலாக எண்தான் எழுதுவேன் என்பதைப் படிவத்தில் இருந்ததைவிட அந்தப் பொத்தான் நன்றாக விளக்கியது. இன்னொரு வீட்டில் மூன்று மாதத்துக்குப் பிறகு வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்கவில்லை. அவர்கள் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தேன். ஆறு ஐந்தாயிற்று.

2021 மார்கழியில் தொடங்கினேன். அடுத்த வருடம், நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த வருடம், எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பெற்றோல் இல்லை, ஸ்கூட்டி கொட்டிலுக்குள் நின்றது. அண்ணாவின் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கோண்டாவிலில் இருந்து குருநகருக்கு மிதித்தேன். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். முழுதாக மின்னேற்ற முடியாத கருவி பாதியில் நின்று, இணுவில் பிள்ளையின் ஒரு நல்ல பதிவு முழுவதும் போய்விட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் உள்ள பதிவுகளில் மிகத் தெளிவானவை அந்த இருட்டு மாதங்களில் எடுத்தவைதான். மின்விசிறி நின்றால் பிள்ளையின் குரலுக்குப் பின்னால் இரைச்சலே இல்லை. தொலைக்காட்சி இல்லை. போனில் சார்ஜைச் சேமிக்க வேண்டும் என்று அதையும் எடுத்து வைத்துவிடுவார்கள். குப்பி விளக்கைச் சுற்றி எல்லோரும் இருந்து கதைப்பார்கள். சுவரில் நிழல் காட்டுவார்கள். பிள்ளைகள் அவ்வளவு கதைத்ததை நான் வேறெப்போதும் கேட்டதில்லை.

பதிந்ததை எழுதுவதுதான் உண்மையான வேலை. ஒரு மணித்தியாலப் பதிவை எழுத எனக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் எடுக்கும். பிள்ளையின் வரி, தாயின் வரி, அம்மம்மாவின் வரி, பக்கத்தில் யார் எதைக் கையில் வைத்திருந்தார் என்ற குறிப்பு வரி. வயதை 2;4 என்று எழுதுவோம், இரண்டு வயது நான்கு மாதம். 1960களில் ஹாவர்ட்டில் ரோஜர் பிரவுன் மூன்று பிள்ளைகளைப் பின்தொடர்ந்து, அவர்கள் பேசும் கூற்றுகளின் சராசரி நீளத்தை உருபன்களில், அதாவது பொருள் தரும் மிகச் சிறிய சொற்கூறுகளில், எண்ணும் முறையை நிலைநிறுத்தினார். ஆங்கிலத்துக்கு அழகாகப் பொருந்தும். எங்கள் பிள்ளை "போகமாட்டன்" என்று ஒரே சொல்லாகச் சொல்கிறது. அதில் எத்தனை உருபன்? போ, க, மாட்ட், அன் என்று பிரித்தால் நான்கு. ஆனால் "மாட்டன்" என்பதைப் பிள்ளை தன் மனதில் பிரித்து வைத்திருக்கிறதா, முழுக் கட்டியாக வைத்திருக்கிறதா? "மாட்டம்", "மாட்டார்" என்றும் அது சொல்லத் தொடங்கினால்தான் பிரித்தது என்று சொல்லலாம். இந்த ஒரு பிரச்சினையில் இரண்டு மாதம் போனது. அந்த இரண்டு மாதத்தை நான் வீண் என்று நினைக்கவில்லை.

இனி உது.

முதல் மூன்று மாதம் பிள்ளைகளின் வரியில் "இது"வும் "அது"வும்தான். உது என்னிடம் இல்லவே இல்லை. பிறகு குருநகர்ப் பிள்ளை, 2;5 வயதில், தரையில் கிடந்த கத்தரிக்கோலை விரலால் காட்டி "உது!" என்றாள். கத்தரிக்கோல் அவளுக்குக் கிட்டத்தான் கிடந்தது. அவளுக்கு அது "இது" ஆக வேண்டும். பிழையாகச் சொல்கிறாள் என்று குறித்துக்கொண்டேன். அடுத்த முறை தீப்பெட்டியைத் தொடப் போய், தன் கையைத் தானே பின்னால் இழுத்துக்கொண்டு "உது, உது" என்றாள். அதற்கடுத்த முறை அம்மம்மாவின் மருந்துக் குளிசைகள்.

வீட்டுக்கு வந்து பழைய பதிவுகளை எடுத்து, பெரியவர்களின் வரிகளில் உது எங்கெல்லாம் வருகிறது என்று மட்டும் தேடினேன். "உதை வை." "உதைத் தொடாதை." "உதை வாயிலை வைக்காதை." "உதை அங்காலை எறி." வரிக்கு வரி இதுதான். யோசித்துப் பார்த்தால் வேறெப்படி இருக்கும்? உது என்பது கேட்பவர் கையில் இருப்பது. பிள்ளையின் கையில் இருப்பதைப் பற்றிப் பெரியவர்கள் எப்போது வாய் திறக்கிறார்கள்? வைத்திருக்கக் கூடாததை வைத்திருக்கும்போதுதான். ஆகவே அந்தப் பிள்ளை, தான் கேட்டதில் இருந்து மிகச் சரியான ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள்: தொடக் கூடாத பொருட்களுக்கு உது என்று பெயர். நான் பிழை என்று குறித்தது பிழையே அல்ல. அந்தக் குறிப்பை வெட்டிவிட்டு, பக்கத்தில் திகதி போட்டு எழுதினேன். இந்த ஆய்வில் என் மனதுக்கு மிக நெருக்கமான நாள் அது.

எல்லாப் பிள்ளைகளும் இந்த வழியால்தான் வருகிறார்கள் என்று ஐந்து வீட்டை வைத்துக்கொண்டு சொல்ல மாட்டேன். நல்லூர்ப் பிள்ளை வேறு வழியால் வந்தான். அவன் வீட்டில் அம்மம்மா அவனை மடியில் வெளிப்பக்கம் பார்க்க இருத்தி வைத்து, வருகிறவர்களிடம் அவனுக்காகத் தானே கதைப்பார். "மாமி, உங்கடை கையில என்ன? உது எனக்கோ? எண்டு கேளுங்கோ." அவன் கேட்பான். பப்புவா நியூகினியில் கலுலி மக்களிடையே பாம்பி ஷிஃபெலின் இதே போன்றதைப் பதிந்திருக்கிறார். தாய் குழந்தையை மற்றவர் பக்கம் திருப்பிப் பிடித்து அதற்காகக் கதைப்பாள். பிறகு ஒரு வாக்கியத்தைச் சொல்லி, "எலெமா" என்று முடிப்பாள், இப்படிச் சொல்லு என்று பொருள். எங்கள் "எண்டு சொல்லுங்கோ" அதேதான். நல்லூர் வீட்டில் உது முதலில் ஒரு வேண்டுகோளாக வந்தது, குருநகரில் எச்சரிக்கையாக. இரண்டிலும் சொல்லைச் சுமந்து வந்தது எதிரில் இருந்த ஓர் ஆள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், சின்ன விஷயம்தான். எங்கள் வீடுகளில் பிள்ளைகளுடன் "வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ" என்று மரியாதையாகக் கதைக்கும் வழக்கம் உண்டு, மரியாதை பழகட்டும் என்று. ஆகவே கொக்குவில் பிள்ளை வீட்டு நாயிடமும் "இஞ்சை வாங்கோ, படுங்கோ" என்றுதான் கதைக்கிறான். "வா" அவனிடம் வந்தது எட்டு மாதம் கழித்து, அண்ணனிடம் இருந்து.

இளம் தாய்மார் என்னிடம் அதிகம் கேட்பது போனைப் பற்றித்தான். யூரியூப் பார்த்துப் பிள்ளை நிறையச் சொல் பழகுகிறானே, நல்லதுதானே என்கிறார்கள். சில பிள்ளைகள் "இருக்கினம்" என்பதை விட்டு "இருக்காங்க" என்கிறார்கள். அதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை, அந்தத் தமிழும் தமிழ்தான். என் கவலை வேறு. பட்ரிஷியா குல் குழுவினர் 2003இல் செய்த ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு முன்னால் ஒருவர் இருந்து பன்னிரண்டு அமர்வுகள் மண்டரின் சீனத்தில் கதைத்தும் விளையாடியும் காட்டியபோது, அந்த மொழியின் ஒலிகள் அவர்கள் காதில் ஏறின. அதே ஆட்களை அதே அளவு நேரம் திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. 2014இல் சாரா ரோஸ்பெரி முதலானோர் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய வினைச்சொற்களைப் பழக்கிப் பார்த்தார்கள். பதிந்த காணொளியில் இருந்து பழகவில்லை. ஆனால் வீடியோ அழைப்பில், பிள்ளை சொன்னதற்குப் பதில் சொன்ன ஆளிடம் இருந்து பழகினார்கள். திரை குற்றவாளி அல்ல. பதில் சொல்லாத திரையால்தான் முடியவில்லை. அதிலும் உது போன்ற ஒரு சொல்லுக்கு, கார்ட்டூனில் வருகிற பூனைக்கு என் பிள்ளை கையில் என்ன வைத்திருக்கிறான் என்று தெரியவே தெரியாது. அது "உதை வை" என்று ஒருநாளும் சொல்லாது. அம்மம்மா சொல்வார். பிள்ளையின் மொழி பிந்துகிறது என்று பயந்து வருகிற தாய்மாரிடம், முதலில் காது சோதித்துப் பாருங்கள், கிளினிக்கில் சொல்லிப் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள், "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைப்பான்" என்று சொல்லி ஒரு வருடத்தைக் கழிக்காதீர்கள் என்று சொல்கிறேன். நான் வைத்தியர் அல்ல. ஆனால் இதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

இந்தத் துறைக்கு வர விரும்புகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்வதற்கு முன்னர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பிள்ளையின் பத்து நிமிடப் பேச்சைப் பதிந்து, ஒவ்வொரு சொல்லாக எழுதிப் பாருங்கள். இருமலையும் எழுதுங்கள். அந்த வேலை பிடித்தால் வாருங்கள், ஏனென்றால் மூன்று நான்கு வருடம் அதைத்தான் செய்யப் போகிறீர்கள். மேற்பார்வையாளரைத் தேடும்போது, நீங்கள் எழுதியதை வாசிக்கிறவரா என்று பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும், தப்ப முடியாது. ஆனால் கேள்வியை ஆங்கிலக் கட்டுரைகளுக்குள் தேடாதீர்கள், உங்கள் முற்றத்தில் கேளுங்கள். மட்டக்களப்பில், மலையகத்தில், மன்னாரில் பிள்ளைகள் பேசும் தமிழ் ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து கேட்டால் கிடைக்கக் காத்திருக்கிற கேள்விகள் இருக்கின்றன. எனக்கு அவசரமாக ஆட்கள் வேண்டும்.

2022 கார்த்திகையில் ஒரு பின்னேரம். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். குருநகர் வீடு. ஏழு மணிக்குக் கரண்ட் போனது. குப்பி விளக்கைக் கொளுத்தி நடுவில் வைத்தார்கள். பிள்ளைக்கு இப்போது 3;2. தகப்பன் கட்டாரில் வேலை, அந்த நேரத்துக்குத்தான் ஒவ்வொரு நாளும் எடுப்பார். சிக்னல் சரியில்லாததால் வீடியோ வரவில்லை, குரல் மட்டும். தாய் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிள்ளையின் மடியில் வைத்தார். என் கருவி பாயில் பதிந்துகொண்டிருந்தது. சாப்பிட்டீங்களோ, முன்பள்ளிக்குப் போனீங்களோ என்று தகப்பன் கேட்க, அவள் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு விளக்கைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்பா, உங்கை கரண்ட் இருக்கோ?"

"ஓம் செல்லம், இஞ்சை இருக்கு."

நான் மூச்சு விடாமல் இருந்தேன். அவள் போனை மடியில் விட்டுவிட்டு, இருட்டில் சுவரோடு சாய்ந்திருந்த அம்மம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மம்மா, அங்கை கரண்ட் இருக்காம்."